கடன் அடைக்கிறத மாசாமாசம் வெளிய சொல்லிட்டே இருந்தா வேகம் குறையாம இருக்குமா?

கரூர்_கணக்கு:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் வருவேன், முதல்தடவை கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

வயசு 33, கரூர்ல ஒரு ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், கைக்கு வர்றது 52,000. அப்பாவுக்கு பைபாஸ் பண்ணும்போது இன்சூரன்ஸ் பாதிக்குத்தான் வந்துச்சு, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள தங்கச்சி கல்யாணம், ரெண்டுமே தள்ளிப்போட முடியாத செலவு. இப்ப பாக்கி இப்படி நிக்குது:

கிரெடிட் கார்டு ஒண்ணு 1,40,000
இன்னொரு கார்டு 62,000
பர்சனல் லோன் 3,20,000
கூட்டுறவு பேங்க்ல வீட்டம்மா நகை மேல 1,80,000
மாமாகிட்ட வாங்கின கைமாத்து 50,000
ஆக மொத்தம் 7,52,000

பொங்கல் முடிஞ்ச கையோட எக்செல்ல ஒரு ஷீட் போட்டு ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு மூணு மாசம் இஎம்ஐ போக எட்டாயிரம் ஒம்பதாயிரம்னு எக்ஸ்ட்ராவா கட்டினேன், ராத்திரி தூங்கப்போறதுக்கு முன்னாடி அந்த ஷீட்ட திறந்து பாத்தா ஒரு தெம்பு வரும். அப்புறம் பங்குனில குலதெய்வம் கோயில் வரி, வைகாசில ரெண்டு கல்யாண மொய், ஸ்கூல் ஃபீஸ்னு வந்து எக்ஸ்ட்ரா மூவாயிரமாச்சு, இப்ப ஒண்ணுமே இல்ல. இஎம்ஐ எதுவும் பவுன்ஸ் ஆகல, கார்டுக்கு குறைஞ்சபட்சம் கட்டவேண்டிய மினிமம் ட்யூ எல்லாம் தேதிக்கு போகுது, ஆனா ஷீட்ட திறக்க மனசு வரமாட்டேங்குது. இன்னும் நாலு வருஷம் இப்படியே ஓட்டணுமேன்னு நினைச்சாலே கை சோர்ந்து போயிடுது.

வெளிநாட்டுக்காரங்க பல பேரு மாசாமாசம் பாக்கி எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு படம் போட்டு ஆன்லைன்ல போடுறாங்க, கீழ நூறு பேரு கை தட்டுறாங்க. அத பாத்ததும் நாமளும் அப்படி செஞ்சா விட்டுப்போகாம இருக்குமோன்னு ஒரு எண்ணம். வீட்டம்மாகிட்ட சொன்னேன், "சொந்தக்காரங்க யார் கண்ணுலயாவது பட்டா மாமாவால நாலு பேர் முன்னாடி உக்கார முடியுமா"ன்னு கேட்டா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

அப்படி பகிர்ந்து நிஜமாவே அடைச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தொகைய அப்படியே போடணுமா, சதவீதமா போட்டா போதுமா? எந்த கடன முதல்ல முடிக்கிறதுன்னும் சொன்னா நல்லாருக்கும்.


பொள்ளாச்சி_மீனா:

தம்பி, நான் செஞ்சிருக்கேன், அதனால தைரியமா சொல்றேன், வேலை செய்யும். ஆனா எத பகிர்றீங்கங்கிறதுல இருக்கு விஷயம்.

எங்க வீட்டுக்காரரு லேத் பட்டறை வச்சிருக்காரு, லாக்டவுன் சமயத்துல ஆர்டரே இல்லாம மெஷின் லோன், வாடகை, கூலின்னு எல்லாம் சேந்து அஞ்சு லட்சத்துக்கு மேல போயிடுச்சு. நான் பேரு, ஊரு, முகம் எதுவும் இல்லாம ஒரு தனி இன்ஸ்டா அக்கவுண்ட் ஆரம்பிச்சேன். பையனோட கிராஃப் நோட்டுல அம்பது கட்டம் போட்டு ஒரு கட்டம் பத்தாயிரம்னு வச்சுக்கிட்டேன், பத்தாயிரம் அசல் குறைஞ்சா ஒரு கட்டத்துக்கு பச்சை கலர் அடிச்சு ஃபோட்டோ எடுத்து போடுவேன். அவ்வளவுதான் போஸ்ட், டான்ஸ் இல்ல, பாட்டு இல்ல, அட்வைஸ் இல்ல.

இதுல நான் கண்டுகிட்டது என்னன்னா "அடுத்த மாசம் இருபதாயிரம் கட்டப்போறேன்"னு போட்டா அன்னைக்கே கமெண்ட்ல எல்லாரும் சூப்பர்க்கா சூப்பர்க்கான்னு சொல்லிடுவாங்க, அந்த சந்தோஷம் அன்னைக்கே கிடைச்சிடுது, அப்புறம் பணம் கட்டுறப்ப புதுசா எதுவும் தோணாது. அதனால கட்டப்போறத பத்தி மூச்சு விடமாட்டேன், கட்டி ரசீது வந்த பிறகு கலர் அடிச்ச கட்டத்த மட்டும் போடுவேன். இன்னொண்ணு, கட்டமே நிரம்பாத மாசமும் போடணும். வட்டி மட்டும் கட்டின மாசம் வெறும் நோட்ட அப்படியே ஃபோட்டோ எடுத்து "இந்த மாசம் கலர் இல்ல"ன்னு ஒரு வரி எழுதி போட்டுருவேன். உண்மைய சொல்லணும்னா அந்த போஸ்டுக்குத்தான் ஆளுங்க மனசுவிட்டு எழுதுவாங்க, ஈரோட்டுல ஒரு பொண்ணு "எனக்கும் இந்த மாசம் இல்லக்கா, அடுத்த மாசம் ரெண்டு பேரும் போடுவோம்"னு எழுதினது இன்னும் நெனப்புல இருக்கு. நல்லா போன மாசத்த மட்டும் போட்டுட்டிருந்தா ரெண்டு மாசம் கெட்டதும் அக்கவுண்டயே மறந்திருப்பேன்.

லைக்க நம்பாதீங்க. முதல் மாசம் வந்த லைக்கு ஆறாவது மாசம் கால்வாசி கூட வராது. நின்னு பாக்குற நாலஞ்சு பேரு போதும்.


ஓய்வு_காசாளர்:

கூட்டுறவு வங்கில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். தம்பியோட கணக்க பாத்ததும் ஊக்கத்த பத்தி பேசுறதுக்கு முன்னாடி வட்டிய பத்தி பேசணும்னு தோணுது, ஏன்னா நீங்க சோர்ந்து போனதுக்கு பாதி காரணம் அங்கதான் இருக்கு.

நம்மூர்ல கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாசத்துக்கு மூணரை சதவீதத்துக்கு பக்கத்துல இருக்கும், வருஷத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. உங்க 1,40,000 கார்டுக்கு மாச வட்டி 4,900, ஜிஎஸ்டி 882, ஆக 5,782. மினிமம் ட்யூ அஞ்சு சதவீதம்னு வச்சா நீங்க கட்டுறது 7,000. அசல்ல கழியிறது 1,218 ரூபா. ஏழாயிரம் கட்டியும் ஆயிரத்து இருநூறுதான் குறையுதுன்னா யாருக்குத்தான் ஷீட்ட திறக்க மனசு வரும்? இதுல இன்னொரு கண்ணி, பாக்கி வச்சிருக்கிற கார்டுல புதுசா எது வாங்கினாலும் அதுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கின அன்னைலேருந்தே வட்டி ஓடும். அந்த ரெண்டு கார்டையும் ஃபோன்ல சேவ் பண்ணி வச்சிருந்தா எல்லா ஆப்லேருந்தும் இன்னைக்கே எடுத்துருங்க.

ரெண்டு கார்டும் சேத்து 2,02,000. ஜிஎஸ்டியோட மாசம் 8,343 ரூபா வட்டிக்கே போகுது. இதே தொகை நகைக்கடன்ல வருஷத்துக்கு பத்து சதவீதம்னு இருந்தா மாசம் 1,700 கூட ஆகாது. மாசத்துக்கு ஆறாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல வித்தியாசம். தங்கம் ஏறியிருக்கிற ஏத்தத்துக்கு உங்க நகை மதிப்புல இடம் இருக்கலாம், நகை மதிப்புல 75 சதவீதம்னு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் பேங்க் 2026 ஏப்ரல்லேருந்து ரெண்டரை லட்சம் வரைக்குமான கடனுக்கு 85, அஞ்சு லட்சம் வரைக்கும் 80னு மாத்தியிருக்கு. நகை உங்க வீட்டம்மாவோடது, அதனால முடிவு அவங்களோடது, அவங்க முழு மனசோட சரின்னா மட்டும் மறு அடகு வச்சு கார்டுகள முடிக்கலாம். முடிச்ச பிறகு கார்டு பக்கம் திரும்பக்கூடாது. அது உறுதியில்லன்னா நகைய தொடாதீங்க, கார்டும் ஏறி நகையும் ஏலத்துக்கு போன குடும்பங்கள என் கவுன்டர்லயே நிறைய பாத்திருக்கேன்.

நகை ஒத்துவரலன்னா பேங்க்ல பேசி கார்டு பாக்கிய இஎம்ஐயா மாத்திக்கலாம், வட்டி பாதிக்கும் கீழ வர வாய்ப்பு இருக்கு. யாராவது ஃபோன் பண்ணி செட்டில்மெண்ட் பண்ணி பாதியா முடிச்சு தர்றேன்னு சொன்னா அவசரப்படாதீங்க. தேதி தவறாம கட்டிட்டு வர்ற ஆளு நீங்க. பாதி கட்டி முடிச்சா நம்ம கடன் வரலாற வச்சிருக்கிற சிபில்ல 'க்ளோஸ்ட்'னு வராது, 'செட்டில்ட்'னு விழும், பின்னால வீட்டுக்கடன் கேக்கும்போது அது உறுத்தும்.

பகிர்றத பத்தி ஒரே ஒரு வேண்டுகோள். எவ்வளவு கட்டினேன்னு போடாதீங்க, அசல் எவ்வளவு பாக்கின்னு போடுங்க. கட்டின தொகை எப்பவும் பெருசாத்தான் தெரியும், அசல் பாக்கிதான் ஆள ஏமாத்தாது.


தாமிரபரணிக்காரன்:

எல்லாரும் பகிருங்க பகிருங்கன்னு சொல்லுதாங்க, நான் வேற மாதிரி சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க.

எங்க தெருவுல ஒரு பையன் ஃபேஸ்புக்ல சொந்த பேருலயே "கடனில்லா வாழ்க்கையை நோக்கி"ன்னு எழுத ஆரம்பிச்சான். ரெண்டு வாரத்துல இன்பாக்ஸ்ல வரிசையா ஆளு வந்துட்டான், ஒருத்தன் லோன் ஆப்காரன், ஒருத்தன் எல்லா கடனையும் ஒரே கடனா மாத்தித்தாரேன் முதல்ல ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் அனுப்புன்னவன், ஒருத்தன் ட்ரேடிங் குரூப்புக்கு இழுத்தவன். கடன் இருக்குன்னு நாம வாய் விட்டு சொன்னா மோசடிக்காரனுக்கு அது அட்ரஸ் எழுதி குடுத்த மாதிரி. பையன் எட்டாயிரம் அனுப்பிட்டு உக்காந்திருந்தான், சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு ஃபோன் போட்டு புகார் குடுக்க வச்சேன். அது போக அவனுக்கு பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க, பொண்ணு வீட்டுல யாரோ அந்த போஸ்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து காட்டி பேச்சே நின்னு போச்சு. கடன் இல்லாத வீடு எது? ஆனா எழுதி வச்ச வீடு அது ஒண்ணுதான்னு ஆயிட்டு.

மீனா அக்கா சொன்னதுல ஒண்ணு ரொம்ப சரி, அதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவரும் கூட சேந்தவங்களும் 2009ல வெளியிட்டது. வக்கீலாகணும்னு இருந்த சட்ட மாணவர்கள எடுத்துக்கிட்டு, அவங்க நோக்கத்த இன்னொருத்தர் கவனிச்சிட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் உழைக்காங்கன்னு பாத்தாங்க, அடுத்தவங்க கவனிச்சவங்க உழைப்புதான் குறைவா இருந்துச்சு. சொல்லிட்டதே பாதி ஆன மாதிரி மனசுக்கு பட்டுருதுன்னு அவங்க விளக்கம். கடனுக்கு இது அப்படியே பொருந்துமான்னா அது வேற பேச்சு, ஆனா ஊரு பூரா தம்பட்டம் அடிச்சிட்டு அடங்கிப்போனவன நானே நிறைய பாத்திருக்கேன்.

என் யோசனை, வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்கதான் உங்க கூட சேந்து அடைக்கப்போற ஆளு.


ஊத்தங்கரை_ராணி:

தாமிரபரணி அண்ணன் சொல்றது பயந்துக்க வேண்டிய விஷயம்தான், ஆனா ஒரேயடியா பூட்டி வைக்கிறதும் சரியில்லன்னு எனக்கு தோணுது. நான் மகளிர் சுய உதவிக் குழுவுல ரொம்ப வருஷம் ஊக்குநரா இருந்தவ. எங்க பக்கம்தான் இது மொதல்ல வந்துச்சு, பழைய தர்மபுரி மாவட்டத்துல 1989ல ஐ.நா.வோட விவசாய வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோட ஆரம்பிச்ச திட்டம், அப்புறம்தான் மத்த மாவட்டத்துக்கெல்லாம் போச்சு. 

கூட்டத்துல என்ன நடக்கும்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். எல்லாரும் வட்டமா உக்காருவோம், பதிவேட்ட எடுத்து ஒவ்வொருத்தர் பேரா வாசிப்போம், சேமிப்பு எவ்வளவு, வாங்கின கடன் எவ்வளவு, இந்த வாரம் கட்டினது எவ்வளவு, அசல் பாக்கி எவ்வளவுன்னு எல்லார் காதுலயும் விழும். படிக்கத்தெரியாத அம்மாக்கள் கூட தன் கணக்கு மட்டுமில்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவ கணக்கையும் மனப்பாடமா சொல்லுவாங்க. நீங்க ஆன்லைன்ல தேடுறது இதைத்தான். இங்க எல்லாருக்கும் எல்லார் நிலைமையும் தெரியும், எல்லாரும் கடன் வாங்கினவங்கதான், அதனால எளக்காரமா பாக்க ஆளில்ல. நூறு பேரு வேடிக்கை பாக்குற இடம் வேற, ஒரே மாதிரி கடன் இருக்கிற பத்து பேரு உக்கார்ற இடம் வேற.

அதே கூட்டம் கெட்டுப்போனதையும் பாத்திருக்கேன். பின்னால மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிங்க வந்து அஞ்சு பேரு பத்து பேரு சேத்து ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும்னு வச்சாங்க. ஒருத்தி தவணை தவறினா கூட்டத்த கலைக்க விடமாட்டாங்க, பொழுது சாஞ்சாலும் அவ வீட்டு வாசல்ல எல்லா பொம்பளைங்களையும் உக்கார வைப்பாங்க. ஊக்கம் குடுத்த அதே கண்ணுங்க அங்க அவமானம் குடுத்துச்சு. இப்படி நெருக்கி வசூல் பண்றத தடுக்க 2025ல தமிழ்நாட்டு சட்டமன்றத்துல தனியா சட்டமே கொண்டு வந்தாங்கன்னா எந்த அளவுக்கு போயிருக்கும்னு பாத்துக்கங்க.

அதனால தம்பி, பகிருங்க, ஆனா உங்க பாக்கிக்கு பொறுப்பில்லாத, உங்கள தாழ்த்தி பேசுறதுல லாபமில்லாத ஆளுங்ககிட்ட பகிருங்க. தவணை தவறின மாசம் "ஏன் கட்டல"ன்னு கேக்குறவங்க வேண்டாம், "என்ன ஆச்சு"ன்னு கேக்குறவங்க வேணும். எங்க குழுவுல ஒரு வழக்கம், கட்ட முடியாதவங்க கூட்டத்துக்கு வராம மட்டும் இருக்கக்கூடாது. பணம் இல்லாட்டியும் வந்து உக்காரணும். வர்றத நிறுத்தினவங்கதான் கடைசில கடன்ல மாட்டினாங்க, கட்டாம வந்தவங்க எப்படியோ கட்டி முடிச்சுட்டாங்க.


தரவு_பிரியன்:

ராணி அக்கா எழுதினத படிச்சதும் ஒரு ஆய்வு நெனப்பு வந்துச்சு, சொல்லாம இருக்க முடியல, ஏன்னா தம்பி கேட்ட கேள்விக்கு கிட்டத்தட்ட நேரடி பதில் அதுலதான் இருக்கு.

சிலி நாட்டுல சிறுகடன் வாங்குற 2,687 பேர வச்சு காஸ்ட், மையர், பொமெரன்ஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் செஞ்சது. பெரும்பாலும் வீட்டுல இருந்தே சின்ன தொழில் பண்றவங்க. ஒரு பிரிவுக்கு குழு, அதாவது ஒவ்வொருத்தரும் தன் சேமிப்பு இலக்க எல்லார் முன்னாடியும் சொல்லணும், கூட்டத்துல கட்டினாங்களா இல்லையான்னு எல்லாரும் பாப்பாங்க. குழுவுல இருந்தவங்க பணம் போட்ட தடவை 3.7 மடங்காச்சு, சேமிப்பு இருப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வேற ஒரு பிரிவுக்கு வட்டி விகிதத்த ஒரேயடியா கிட்டத்தட்ட அஞ்சு சதவீதப்புள்ளி ஏத்தி குடுத்தாங்க, பெரும்பாலானவங்ககிட்ட அதுக்கு ஒரு அசைவும் இல்ல. வட்டிக்கு அசையாத கை நாலு பேரு பாக்குறாங்கன்னதும் அசைஞ்சிருக்கு.

ஆனா எனக்கு முக்கியமா பட்டது ரெண்டாவது சோதனை. கூட்டமே வைக்காம, முகமே பாக்காம, நீ கட்டினியா இல்லையா, உன்ன மாதிரி மத்தவங்க எப்படி போறாங்கன்னு ஃபோனுக்கு மெசேஜ் மட்டும் அனுப்பினாங்க. பலன் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துச்சு. இது சேமிப்ப பத்தின ஆய்வு, கடன பத்தினது இல்ல, இருந்தாலும் மாசாமாசம் கைய விட்டு பணம் போகணும்ங்கிற சிக்கல் ரெண்டுக்கும் ஒண்ணுதான. அப்ப பகிரணும்னா ஊருக்கு முகம் காட்டணும்னு அவசியமே இல்ல, நிலவரத்த விடாம கணக்கு வச்சு அது யார்கிட்டயாவது போய் சேந்தா போதும். 2016ல 138 ஆய்வுகள ஒண்ணா திரட்டி பாத்த ஒரு கட்டுரைலயும் இதே திசைலதான் முடிவு வந்துச்சு, முன்னேற்றத்த அடிக்கடி கவனிக்கிறவங்க இலக்க எட்டுறது கூடுது, அத எழுதி வச்சாலோ மத்தவங்களுக்கு தெரியப்படுத்தினாலோ இன்னும் கூடுது.

எந்த கடன முதல்லன்னு கேட்டீங்க. உங்களுக்கு நல்ல வாய்ப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டு கார்டுக்கும் வட்டி ஏறக்குறைய ஒண்ணுன்னா 62,000த்த முதல்ல முடிங்க, வட்டில நஷ்டமே இல்ல, ஒரு கணக்கு முழுசா மூடின நிறைவும் கிடைக்கும். கால், மெக்‌ஷேன்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல கடன் தீர்வு திட்டத்துல இருந்தவங்க கணக்குகள ஆராஞ்சு 2012ல வெளியிட்டாங்க, எத்தனை டாலர் அடைச்சாங்கங்கிறத விட எத்தனை கணக்கு முழுசா மூடினாங்கங்கிறதுதான் கடைசி வரைக்கும் போவாங்களான்னு காட்டிக் குடுத்துச்சாம்.


கரூர்_கணக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி வீட்டம்மாவோட உக்காந்து எல்லா பதிலையும் சத்தமா படிச்சு காட்டினேன். 8,343ங்கிற நம்பர கேட்டதும் அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, நம்ம வீட்டு வாடகைய விட ஜாஸ்தியான்னு கேட்டா. நாங்க வாடகை 7,500 குடுக்குறோம். நகைய பத்தி நான் வாயே திறக்கல, அவளே ஆரம்பிச்சா, ஆரமும் ரெண்டு வளையலும் ஏற்கனவே உள்ள இருக்கு, மதிப்புல இடம் இருந்தா அதுலயே பாக்கலாம், புதுசா கழட்ட வேண்டாம், தாலிக்கொடி பக்கம் போகவேகூடாதுன்னு. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

பகிர்றதுக்கு, தாமிரபரணி அண்ணன் சொன்னபடி சொந்த பேருல எதுவும் இல்ல. இங்கயே இந்த பேருலயே மாசம் ஒரு தடவை, சம்பளம் வந்து எல்லாம் கட்டின மறுநாள் அசல் பாக்கி மட்டும் போடுறேன். கட்டாத மாசமும் போடுறேன் மீனாக்கா. என்ன மாதிரி யாராவது இருந்தா இதுக்கு கீழயே போடுங்க, ஒண்ணா போவோம்.


வேளச்சேரி_வாடகை:

நான் வர்றேன் ப்ரோ. எனக்கு எஜுகேஷன் லோன் 4,10,000, பைக் லோன் 38,000. சென்னைல தனியா இருக்கேன், இத யார்கிட்டயும் சொன்னதே இல்ல, வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது எல்லாம் நல்லா போகுதுன்னு சொல்லிட்டு வச்சிருவேன், இங்க இந்த ரெண்டு நம்பர டைப் பண்றதுக்கே கால் மணி நேரம் ஆச்சு. பைக் லோன முதல்ல முடிக்கிறேன். சம்பளம் எனக்கு மாசக்கடைசில வரும், அதுக்கு மறுநாள் போடுறேன், போடலன்னா தயவு செஞ்சு கேளுங்க.


ஊத்தங்கரை_ராணி:

கேப்போம் தம்பி. சாப்புட்டியான்னும் கேப்போம்.


கரூர்_கணக்கு:

சொன்னபடி வந்துட்டேன்.

கூட்டுறவு பேங்க்ல நகைய திருப்பி மதிப்பு போட்டாங்க, அதே ஆரம் வளையலுக்கு இடம் இருந்துச்சு. ரெண்டு கார்டையும் முடிக்கிற அளவுக்கு எடுக்கல, வீட்டம்மா 1,40,000க்கு மட்டும் போதும், அடுத்தத நாம கைக்காசுல முடிப்போம்னா, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நிலவரம்:

பெரிய கார்டு 0
சின்ன கார்டு 54,300
பர்சனல் லோன் 3,12,600
நகைக்கடன் 3,20,000
மாமா 50,000
மொத்தம் 7,36,900

பெரிய கார்டுக்கு போன காச அப்படியே சின்ன கார்டு பக்கம் திருப்பிட்டேன். மாமாவுக்கு நானே ஃபோன் பண்ணி உங்களது கார்டு முடிஞ்ச பிறகுன்னு சொல்லிட்டேன், அவரு நான் கேட்டேனாடான்னு திட்டினாரு.

ஒரு சந்தேகம், ஜீரோ ஆன கார்ட க்ளோஸ் பண்ணிடலாமா இல்ல வச்சுக்கிட்டா சிபிலுக்கு நல்லதா? பர்சனல் லோன்ல கொஞ்சம் கொஞ்சமா முன்னாடியே கட்டலாமான்னும் யாராவது சொல்லுங்க.


பொள்ளாச்சி_மீனா:

பூஜ்யம்!! அந்த வரிய அப்படியே நோட்டுல எழுதி பச்சை அடிங்க தம்பி. வீட்டம்மாவுக்கு என் வணக்கம்.


ஓய்வு_காசாளர்:

நல்ல வேலை. கடன் இடம் மாறினதும் அசல் குறைஞ்சதும் வேற வேறன்னு நீங்களே பிரிச்சு காட்டியிருக்கீங்க, 15,100 நிஜமா குறைஞ்சிருக்கு.

கார்ட வச்சுக்கிட்டா பழைய கணக்கும் உபயோகிக்காத லிமிட்டும் ஸ்கோருக்கு கொஞ்சம் உதவும்ங்கிறது உண்மை. ஆனா பண்டிகை நேரத்துல அத எடுப்போம்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்தாலும் மூடிருங்க, ஸ்கோர் பின்னால ஏத்திக்கலாம். பாக்கி இல்லாத கார்ட மூடச்சொல்லி கேட்டா ஏழு வேலை நாளுக்குள்ள பேங்க் மூடணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபா உங்களுக்கு குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி 2022லேருந்தே இருக்கு. மூடினதுக்கு மெயில்ல உறுதி வாங்கி வச்சுக்கங்க. போன பில்லுக்கும் நீங்க கட்டின தேதிக்கும் நடுவுல ஓடின வட்டி சின்னதா அடுத்த பில்லுல வரும், அதையும் கட்டினாத்தான் நிஜமா பூஜ்யம், அத பாக்காம விட்டு லேட் ஃபீஸ் வாங்கினவங்க ஏராளம். ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட் எடுத்து 'க்ளோஸ்ட்'னு வந்திருக்கான்னு பாருங்க, வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்.

பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதுல முன்கூட்டி கட்டினா கட்டணம் இருக்கலாம், ஆரம்பத்துல குறிப்பிட்ட மாசம் வரைக்கும் கட்டவே விடாத பேங்கும் உண்டு. மாறும் வட்டியா இருந்தா 2026 ஜனவரி 1க்கு அப்புறம் குடுத்த, புதுப்பிச்ச தனிநபர் கடன்களுக்கு அந்த கட்டணம் கிடையாது. உங்க சாங்ஷன் லெட்டர எடுத்து ரெண்டுல எதுன்னு பாத்துட்டு சொல்லுங்க, கணக்கு போட்டு தர்றேன். அதுக்கு முன்னாடி அந்த 54,300.